பழைய எம்ஜிபி கார் வாங்கப் போகிறீர்களா? காசைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இங்கிலாந்தில் குடியேறி, வேலை நிலைத்து, கையில் கொஞ்சம் சேமிப்பும் வந்த பிறகு, கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தோன்றினால், தேடல் பெரும்பாலும் எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபியில் வந்துதான் நிற்கும். 1962 முதல் 1980 வரை அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எந்த வாரம் பார்த்தாலும் விற்பனைக்கு இருக்கும், உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும். அப்படிச் சுலபமாகக் கிடைப்பதால்தான் குப்பையும் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. எனக்கு ஒரு நல்ல கார் அமைவதற்குள் ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்விட்டது. நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரைப் பார்க்கப் போகும் எல்லோரும் பானெட்டைத் திறந்து இஞ்சினையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இஞ்சினை முழுக்கப் பிரித்து வேலை பார்த்தாலும் செலவு ஒரு கணக்குக்குள் அடங்கும். அடிப்பாகத்துத் தகரம் துருப்பிடித்திருந்தால் எந்தக் கணக்கிலும் அடங்காது. எனவே உங்கள் நேரத்தில் முக்கால் பங்கைத் தரையில் குனிந்தபடி செலவிடுங்கள்.

1. எந்த எம்ஜிபி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கூரை மடக்கும் ரோட்ஸ்டர் ஒரு வகை. 1965-இல் வந்த, நிலையான கூரையும் பின்கதவும் உள்ள ஜிடி இன்னொரு வகை. ஒரே நிலையில் உள்ள இரண்டை ஒப்பிட்டால் ஜிடி கணிசமாக மலிவு. மழை நாட்டில் அதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆனால் கேட்பவர்கள் குறைவு.

அடுத்தது பம்பர். 1974 இலையுதிர்காலம் வரை குரோம் பம்பர், அதன் பிறகு கறுப்பு ரப்பர் பம்பர். அமெரிக்கச் சட்டத்துக்காக அப்போது காரின் உயரத்தையும் கூட்டினார்கள், அதனால் வளைவுகளில் சற்று அதிகம் சாயும். சந்தையில் குரோமுக்கு விலை அதிகம். ரப்பர் பம்பர் காரில் குரோம் மாட்டி விற்பதும் உண்டு. அது தவறில்லை, ஆனால் குரோம் கார் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. சேஸிஸ் எண்ணைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ரோட்ஸ்டர் என்றால் ஜிஎச்என், ஜிடி என்றால் ஜிஎச்டி என்று தொடங்கும். அதோடு வி5சி எனும் வாகனப் பதிவுத் தாளில் உள்ள பதிவுத் தேதியையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் காலத்துக் கார் என்று தெரிந்துவிடும்.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய தாள் வேலை

விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு அரசு இணையதளத்தில் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். இலவசம், 2005 முதல் உள்ள சோதனைகள் கிடைக்கும். தேறியதா இல்லையா என்பதைவிட, அடியில் எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகள்தான் முக்கியம். "இடது ஸில் (கதவுக்குக் கீழே ஓடும் பாகம்) துரு", "ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கு அருகே அரிப்பு" என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதிவிட்டு நான்காம் வருடம் சத்தமில்லாமல் தேறியிருந்தால், அந்த இடைவெளியில் யார், என்ன வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். பில்லும் போட்டோவும் காட்டினால் நல்லது. "நண்பர் ஒருத்தர் செய்து கொடுத்தார்" என்றால் உஷார்.

மைல் கணக்கையும் வருடவாரியாகப் பாருங்கள். வருடத்துக்கு ஐம்பது மைல்கூட ஓடாமல் நின்ற காரைவிட, ஆயிரம் இரண்டாயிரம் ஓடிய கார் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

இங்கே ஒரு பொறி. 2018 மே முதல், நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. எம்ஜிபி எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. "எம்ஓடி தேவையில்லை, வரியும் இல்லை" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். பல வருடமாக யாரும் அடியில் எட்டிப் பார்க்கவில்லை என்று அதைப் படித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்ட்தான். "புதிதாக ஒரு எம்ஓடி எடுத்துக் கொடுங்கள், கட்டணம் நான் தருகிறேன்" என்று கேளுங்கள். மறுத்தால் காரணம் என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கட்டிய வண்டியா என்பதையெல்லாம் காட்டும் தனியார் சரிபார்ப்பு இருபது பவுண்ட் அளவில் முடியும். போய்ப் பார்த்து, கார் பிடித்த பிறகு செய்தால் போதும். பணம் கொடுக்கும் முன் கட்டாயம் செய்துவிடுங்கள்.

3. பகலில், மழை இல்லாத நாளில் போங்கள்

ஈரமான பெயிண்டில் எல்லாக் காரும் பளபளக்கும். மாலை ஆறு மணிக்கு வாங்க என்றால் மறுநாள் காலைக்கு மாற்றுங்கள். "இஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு, அதை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், பழைய போர்வை ஒன்று, அழுக்கானால் கவலைப்படாத உடை. முடிந்தால் ஆசையே இல்லாத ஒரு நண்பர். அவர் வேலை உங்களை இழுத்துப் பிடிப்பது.

4. தகரம்

எம்ஜிபிக்குத் தனியாக அடிச்சட்டகம் கிடையாது, உடலேதான் சட்டகம். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து நிறுத்துவது, கதவுகளுக்குக் கீழே ஓடும் ஸில் எனப்படும் பெட்டி போன்ற பாகங்கள்தான். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் கோட்டைச் சுவர் போலப் பல் பல்லாக விளிம்புள்ள ஒரு தகடு என்று பல அடுக்காக இருக்கும். துரு உள்ளே இருந்து வெளியே வரும். வெளியில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கதை முடிந்து வெகு நாளாகியிருக்கும்.

முதலில் தள்ளி நின்று கதவு இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவைத் திறந்து மெதுவாக விட்டுப் பாருங்கள், தூக்கி இடிக்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது.

பிறகு விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு பக்கத்தை அதன் ஜாக்கி இடத்தில் மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவு இடைவெளியில் கண் வையுங்கள். இடைவெளி மாறினாலோ, தூக்கிய நிலையில் கதவு திறக்காமல் சிக்கினாலோ, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜாக்கி வைக்கவே விற்பவர் தயங்கினாலும் அதேதான். ஒரு வீட்டில் ஜாக்கியை எடுத்ததுமே விற்பவர் ஓடி வந்து, "அங்கே வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்" என்றார். அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. இன்னொன்று, ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்தால்தான் நுழையலாம்.

ஸில் மாற்றியிருக்கிறார்கள் என்றால் எப்படி மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. முறையாகச் செய்ய முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ் நுனியை வெட்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் ஸில் அவற்றுக்குப் பின்னாலும் ஓடுகிறது. குறுக்குவழிக்காரர்கள் அழுகிய பழைய ஸில் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்துவிடுவார்கள். கதவின் முன்னும் பின்னும், மட்கார்டும் ஸில்லும் சேரும் இடத்தில் செங்குத்தான இணைப்புக் கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடே இல்லாமல் வழுவழுவென்று ஓடினால் போர்வை போர்த்தியிருக்கிறார்கள், அல்லது பட்டி பூசியிருக்கிறார்கள்.

பட்டி கண்டுபிடிக்கத்தான் காந்தம். கதவுக்குக் கீழே, முன் மட்கார்டின் கீழ்க் கால்வாசியில், பின் சக்கர வளைவைச் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு தடுப்புத் தகடு இருக்கும், அதற்குப் பின்னால் ஐம்பது வருடச் சேறு தேங்கும். ஸில்லின் முன் நுனி அழுகுவது அந்தச் சேற்றால்தான். மட்கார்டின் மேற்பகுதியிலும், கண்ணாடிக்குப் பக்கத்தில், உள்ளே சேறு தங்கும் ஒரு தட்டு உண்டு. அங்கே பெயிண்டில் கொப்புளம் இருந்தால் மட்கார்டையே கழற்றும் வேலை. கதவின் மேல் விளிம்பில், சின்ன முக்கோணக் கண்ணாடி முடியும் இடத்தில் தகட்டில் விரிசல் இருக்கும். எம்ஜிபியில் இது சகஜம், பேரம் பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் பேட்டரித் தொட்டி. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பிறகு ஒரே 12 வோல்ட். ஆசிட் கொட்டித் தொட்டி ஓட்டையாகியிருந்தால், பக்கத்திலேயே இருக்கும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் கவனமாகப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி டேங்கின் மேல்பக்கம் துருப்பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் புதுசாகவே தெரியும். டேங்கை நிரப்பிய பிறகு டிக்கியில் பெட்ரோல் வாசம் வருகிறதா என்று கேளுங்கள், மோந்தும் பாருங்கள்.

5. இஞ்சின்

1798 சிசி, முரட்டு இஞ்சின், எளிதில் சாகாது. குளிரில் ஸ்டார்ட் செய்து சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை சரி. வண்டி சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மேலிருந்து வரும் டக்-டக் சத்தம் இருக்கத்தான் வேண்டும், அடியிலிருந்து ஆழமாக இடிக்கும் சத்தம் இருக்கக் கூடாது.

ஆயில் பிரஷர் மீட்டர் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேலும், ஐட்லிங்கில் 15 முதல் 25 வரையும் காட்டினால் நிம்மதி. ஆயில் மூடியின் உட்புறம் வெண்மையான பசை படிந்திருந்தால், ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். கொஞ்ச தூரம் மட்டுமே ஓடும் கார்களில் வெறும் ஈரத்தாலும் இது வரும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் போயிருக்கிறது. தரையில் ஓரிரு துளி ஆயில் சொட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சிலிண்டர் ஹெட் ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாற்றப்பட்டதா, அதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் சாதாரணப் பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது), பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும். இந்தக் காருக்கு எத்தனால் குறைவான இ5 தான் போட வேண்டும். குழாய்களில் வெடிப்பு இருந்தால் சில்லறைச் செலவு, ஆனால் ஓட்டுவதற்கு முன் மாற்றியே தீர வேண்டும்.

6. ஓட்டிப் பார்க்கும்போது

ஓட்டுவதற்கு முன் உங்களுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். விற்பவரின் காப்பீடு உங்களையும் தாங்கும் என்று வாய்வார்த்தையில் நம்பாதீர்கள்.

கிளட்ச்சைக் கவனியுங்கள். உதறினாலோ வழுக்கினாலோ, தட்டு மலிவுதான், ஆனால் அதை மாற்ற இஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். கூலிதான் செலவு. 1967-க்கு முந்தைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, ஓடும்போது போட்டால் கரகரக்கும், அது குறையல்ல. இரண்டாவது கியருக்கு இறங்கும்போது கரகரத்தால் குறை.

ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது விலையையே மாற்றும் விஷயம். எல்லாக் காரிலும் இருக்காது. நான்காவது கியரில், இஞ்சின் சுழற்சி மீட்டர் 3000-இல் நிற்கும்போது சுவிட்சைத் தட்டுங்கள். வேகம் மாறாமல் மீட்டர் 2500 பக்கம் உடனே இறங்க வேண்டும். "வயர்தான் கழன்றிருக்கு, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லாத விற்பவரை நான் பார்க்கவில்லை. அஞ்சு நிமிஷ வேலை என்றால் அவரே செய்திருப்பார். வேலை செய்யாத ஓவர்டிரைவை இல்லாத ஓவர்டிரைவாகவே வைத்து விலை பேசுங்கள்.

நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டும், பிரேக் பிடித்தும் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள்.

7. சக்கரமும் முன் அச்சும்

ஸ்போக் சக்கரம் பார்க்க அழகு, பர்ஸுக்குப் பகை. காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பின் சக்கரத்தில் 'க்ளங்க்' என்று கேட்டால் சக்கரத்தையும் அச்சையும் இணைக்கும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஸ்போக்குகளை ஒரு பேனாவால் வரிசையாகத் தட்டுங்கள், மணி போல ஒலிக்காமல் சொத்தென்று கேட்பது தளர்ந்தது.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கட்டும். அப்போதும் ஆட்டம் இருந்தால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) தேய்ந்திருக்கிறது. இதற்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். யாரும் அடிப்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1214 என்றால் 2014-இன் பன்னிரண்டாவது வாரம். டிரெட் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயது தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

8. மின்சாரம், உட்புறம்

எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் ஜம்ப் ஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். கூரைத் துணியை நீங்களே ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். இருக்கை, கார்ப்பெட், துணி எல்லாம் புதிதாகவே கிடைக்கும், எனவே கிழிசலைப் பார்த்துக் காரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். புது லெதரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

9. ஆவணங்கள்

வி5சி தாளில் உள்ள சேஸிஸ் எண்ணும், பானெட்டுக்கு அடியில் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், விற்பவர் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் சரிசெய்யும் வரை பணம் கொடுக்காதீர்கள். இஞ்சின் எண் மாறியிருப்பது இந்த வயதுக் காரில் சாதாரணம், தாளில் பதிவாகியிருந்தால் போதும்.

வி5சியில் பெயர் இருப்பதால் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வண்டியைப் பராமரிப்பவர் யார் என்பதைத்தான் அது சொல்கிறது, அந்தத் தாளிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும். அதனால் தாளில் உள்ள முகவரியிலேயே போய்க் காரைப் பாருங்கள். விற்பவர் எப்போது, யாரிடம் வாங்கினார் என்ற ரசீதையும் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் சந்திக்கலாம் என்றால் வேண்டாம்.

வரி வகை 'ஹிஸ்டாரிக்' என்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் வரி பூஜ்யம். லண்டன்காரர்களுக்கு இன்னும் முக்கியம்: ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் வசூலிக்கும் யூலெஸ் எனும் புகை மாசுக் கட்டணத்திலிருந்து விலக்கும் இந்த வகைக்குத்தான். நகர மையத்தின் கன்ஜெஷன் சார்ஜ் எனும் நெரிசல் கட்டணத்துக்கு விலக்கு இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கார்களும் நிறைய. வறண்ட மாநிலத்துக் கார் என்றால் அடிப்பாகம் அருமையாக இருக்கும், உட்புறம் வெயிலில் பொசுங்கியிருக்கும். இன்னும் இங்கே பதிவாகவில்லை என்றால், வரித்துறைக்கு 14 நாளுக்குள் கொடுக்க வேண்டிய இறக்குமதி அறிவிப்பு முடிந்ததற்கான சான்றை வாங்காமல் கைவைக்காதீர்கள். அது இல்லாமல் பதிவு நடக்காது.

10. விலையும் கைமாற்றமும்

ஓட்டத் தகுந்த நிலையில் ஜிடி ஐந்தாயிரம் பவுண்டுக்கு மேலும், ரோட்ஸ்டர் அதைவிடச் சில ஆயிரம் கூடவும் போகும் என்பது நான் பார்த்த விலை நிலவரம். இரண்டு பக்க ஸில்லையும் முறையாக மாற்றிப் பெயிண்ட் அடிக்கக் கேட்கும் தொகை, மலிவாகக் கிடைத்ததாக நினைத்த மிச்சத்தை விழுங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுப் பேரத்தில் இறங்குங்கள்.

காப்பீட்டை முந்தின நாளே பேசி வையுங்கள். பழைய கார்களுக்கென்று உள்ள திட்டத்தில், குறைந்த மைல் வரம்போடு, 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற பிரிவைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் விபத்து நடந்த பிறகு மதிப்பை அவர்கள் முடிவு செய்வார்கள். அன்றாடம் ஓட்ட வேறு கார் இருக்கிறதா, இரவில் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்பார்கள். இங்கே உரிமம் எடுத்துச் சில வருடமே ஆனவர்களுக்குச் சில நிறுவனங்கள் தர மறுக்கும், அதனால் காரைத் தேடும் முன்பே நாலு இடத்தில் விசாரியுங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்பி, வந்து சேர்ந்ததை அவர் பார்த்த பிறகு, அங்கேயே உட்கார்ந்து இணையத்தில் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வி5சியில் உள்ள பச்சை நிறத் துண்டு உங்களுடையது. பழைய வரி உங்களுக்குக் கைமாறாது. வரி பூஜ்யம் என்றாலும், பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொடுத்து நீங்கள் புதிதாக வரி எடுத்தால்தான் சாலையில் ஓட்டலாம். போனிலேயே சில நிமிடத்தில் முடியும். இணையத்தில் மாற்றினால் புது வி5சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வரும். "தாள் தொலைந்துவிட்டது, நீங்களே விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்" என்றால் வேண்டாம். 25 பவுண்ட் கட்டி அவரே புதிது எடுத்து வைக்கட்டும், நீங்கள் பிறகு போய் வாங்கிக்கொள்ளலாம்.

சேஸிஸ் எண், தேதி, தொகை, இருவர் பெயரும் முகவரியும் எழுதிய ரசீதை இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பில் கோப்பு, உதிரிச் சாவி, ஸ்போக் சக்கரம் என்றால் அதைக் கழற்றும் சுத்தியல், கூரைத் துணியின் உறை, இவையெல்லாம் வண்டியில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குப் போனதும் 20டபிள்யூ-50 ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றி, கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்துவிடுங்கள். போன முறை எப்போது மாற்றினார்கள் என்று அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.